பாலிமர் கிரவுன், பிரிட்ஜ், பல் செட்: கழன்றால், பெயர்ந்தால், உடைந்தால் எங்கே பார்ப்பது

பீக் கிரவுன் கழன்று வந்துவிட்டது, பிரிட்ஜின் மேல்பூச்சு பெயர்ந்துவிட்டது, பல் செட்டின் கொக்கி தளர்ந்துவிட்டது என்றால் முதலில் கிளம்பும் பேச்சு, "பிளாஸ்டிக்தானே, அதான் தாங்கவில்லை" என்பதுதான். பெரும்பாலும் அது பொருள்மேல் போடும் வீண்பழி. பீக் என்கிற பாலிமர் வாய்க்குள் கரையாது, எச்சிலில் ஊறி உப்பாது, 143 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் இளகவே தொடங்கும், உருக 340 டிகிரி பக்கம் போக வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில் அதைக் கரைக்க அடர் கந்தக அமிலம் போன்ற ஒன்று வேண்டும். காபியும் எலுமிச்சையும் அதை ஒன்றும் செய்துவிடாது.

ஆனால் அது வளையும். பிரச்சினை தொடங்குவது அங்கேதான். பீக்கின் மீள்மைக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 4 ஜிகாபாஸ்கல். பல்லின் உள்ளே இருக்கும் டென்டின் 18 பக்கம், டைட்டானியம் 110 பக்கம், சிர்கோனியா 200க்கும் மேல். கடிக்கும்போது பாலிமர் கொஞ்சம் நெளிந்து கொடுக்கிறது. அதனால் எதிர்ப்பல் தேயாது, அடி மெத்தென்று விழும். அதே சமயம், அதன்மேல் ஒட்டியிருக்கும் வெனீர் என்கிற பல்நிற மேல்பூச்சும், அதைப் பல்லோடு பிணைக்கும் சிமென்ட்டும், அதற்குள் பதித்த டைட்டானியமும் அந்த அளவுக்கு நெளிவதில்லை. பாலிமர் விழுங்காமல் விட்ட சுமை, பாலிமரும் மற்றப் பொருளும் சேரும் இடத்தில் போய் விழுகிறது. ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்த இணைப்பு விட்டுப்போனது?

எதையும் தொடுவதற்கு முன்

துண்டு எதுவும் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பீக், அதன் உறவுப் பாலிமரான பெக், அக்ரிலிக், நைலான் எதுவுமே சாதாரண எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. உலோகக் கிரவுனை விழுங்கினால் படத்தில் பளிச்சென்று தெரியும். பாலிமர் துண்டு மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்தாலும் படம் சுத்தமாக இருக்கும். துண்டு கிடைக்காமல், இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது "காணாமல் போனது உலோகம் அல்ல, பாலிமர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் யாரும் உங்களைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

கிடைத்த துண்டுகளைக் கழுவித் தேய்க்காதீர்கள். மென்மையாகத் தண்ணீரில் அலசி, ஒரு சிறு டப்பியில் போட்டு வையுங்கள். உடைந்த முகத்தைக் கத்தியால் சுரண்டுவது, இரண்டு பாதியையும் பொருத்திப் பொருத்திப் பார்ப்பது இரண்டும் வேண்டாம். காரணத்தைச் சொல்லும் சாட்சி அந்த முகம்தான். சூப்பர் க்ளூ கூடவே கூடாது. அது உடைப்பின் இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிட்டால், பிறகு லேபில் இரண்டு பாதியையும் சரியாகப் பொருத்தவே முடியாது.

அப்புறம், பொருள் என்ன என்பதை உறுதி செய்யுங்கள். பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். நிறமி சேர்க்காத பீக், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், ஒளி ஊடுருவாமல், கையில் எடுத்தால் நம்ப முடியாத அளவுக்கு லேசாக இருக்கும். பல்துறைக்கென்று வெண்ணிற நிரப்பி சேர்த்த வகைகளும் உண்டு. வளைத்தால் வளையும், ஓரளவு ஒளி ஊடுருவும் இளஞ்சிவப்பு செட் என்றால் நைலான். பல் நிறத்திலேயே வழுவழுப்பான கொக்கி என்றால் அசிட்டல் என்கிற இன்னொரு பாலிமராக இருக்கலாம். பல்லைப் போலவே தோன்றி, மெஷினில் ஒரே கட்டியிலிருந்து கடைந்த கிரவுன் என்றால் ரெசினோடு, அதாவது இறுகும் பிசினோடு, பீங்கான் துகள் கலந்த கலவையாக இருக்கலாம். கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். லேப் கொடுத்த சீட்டைப் பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பீக்குக்கு உரிய பிரைமரை, அதாவது ஒட்டுவதற்கு முன் தடவும் அடிப்பூச்சை, நைலானில் தடவினாலும், பீங்கானுக்கு உரிய முறையைப் பீக்கில் செய்தாலும் ஒட்டு நிற்காது.

கிரவுன் முழுசாகக் கழன்று வந்துவிட்டது

கிரவுனைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல வெளிச்சமும் ஒரு உருப்பெருக்கியும் போதும். சிமென்ட் எங்கே தங்கியிருக்கிறது?

கிரவுனின் உள்சுவர் சுத்தமாக, சிமென்ட் முழுக்கப் பல்லின் மேலேயே இருந்தால், பாலிமரோடு சிமென்ட் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். பீக்கில் அதிகம் நடப்பது இதுதான். பீக்கின் மேற்பரப்பு எதோடும் சேர மறுக்கும் குணம் கொண்டது. அதில் சிலிக்கா இல்லை. அதனால் பீங்கானுக்குச் செய்வதுபோல ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வைத்து, சிலிக்காவோடு பிணையும் சிலேன் திரவத்தைத் தடவினால் பலன் இருக்காது. இங்கே வேண்டியது இரண்டு: சொரசொரப்பும், அக்ரிலிக்கின் மூலத் திரவமான மெத்தில் மெதாக்ரிலேட் கலந்த பிரைமரும். 50 முதல் 110 மைக்ரான் அலுமினா மணலை அளவான அழுத்தத்தில் அடித்து, உள்சுவர் முழுக்க ஒரே மாதிரி மங்கலாகும்வரை செய்ய வேண்டும். உருப்பெருக்கியில் பார்க்கும்போது ஓரத்திலோ மூலையிலோ ஒரு பளபளப்பான புள்ளி தெரிந்தாலும் அங்கே மணல் படவில்லை. பிறகு சுத்தம் செய்து, உலர்த்தி, பிரைமரை மெல்லிய பூச்சாகத் தடவி, தயாரிப்பாளர் சொன்ன நேரத்துக்கு ஒளி காட்டி, ரெசின் சிமென்ட் வைத்து ஒட்ட வேண்டும். துத்தநாக பாஸ்பேட் மாதிரியான பழைய சிமென்ட் பீக்கோடு வேதியியல் ரீதியாகப் பிணையாது, வெறும் இறுக்கத்தில்தான் நிற்கும்.

ஒளி காட்டுகிற இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சில பிரைமர்களில் இருக்கும் ஒளித்தூண்டி, ஊதா பக்கமுள்ள குறுகிய அலைநீள ஒளிக்குத்தான் வேலை செய்யும். கையில் இருக்கும் எல்.இ.டி. விளக்கு நீலம் மட்டும் உமிழும் வகையாக இருந்தால், எத்தனை நேரம் காட்டினாலும் அந்தப் பிரைமர் முழுதாக இறுகாது. வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாக நடந்தது போலத்தான் இருக்கும். ஆகவே "எல்லாம் முறைப்படி செய்தோம், ஆனாலும் கழல்கிறது" என்றால் விளக்கின் அலைநீளத்தையும் பிரைமர் தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அடர் கந்தக அமிலத்தால் பீக்கை அரிக்கச் செய்து ஒட்டும் முறையும் உண்டு. 98 சதவீத அமிலத்தில் ஒரு நிமிடம் வைத்தால் மேற்பரப்பில் நுண்துளைகள் உண்டாகிப் பிணைப்பு நன்றாகவே கூடும். ஆனால் அது பாதுகாப்பு வசதி உள்ள ஆய்வகத்துக்கான வேலை. நோயாளியின் நாற்காலிப் பக்கத்தில் அதற்கு இடமே இல்லை. மணலும் பிரைமரும் போதும் என்பதே என் கருத்து.

இனி எதிர்ப்பக்கம். சிமென்ட் முழுக்கக் கிரவுனுக்குள் இருந்து, பல் சுத்தமாக இருந்தால், கோளாறு பல்லின் பக்கம். ஒட்டும்போது எச்சிலோ ரத்தமோ பட்டிருக்கலாம். தற்காலிக சிமென்ட்டில் யூஜினால், அதாவது கிராம்பு எண்ணெய்ச் சரக்கு இருந்து, அதை முழுதாக எடுக்காமல் விட்டிருந்தால் ரெசின் இறுகுவதை அது தடுக்கும். சமீபத்தில் பல்லை வெளுக்க வைத்திருந்தால் அதன் மிச்ச ஆக்சிஜனும் இதையே செய்யும். வெளுத்த பிறகு ஓரிரு வாரம் விட்டுத்தான் ஒட்ட வேண்டும். இந்த நிலையில் கிரவுனைக் குறை சொல்லிப் புதிதாகச் செய்து போட்டாலும், அதே ஈரத்தில் ஒட்டினால் அதுவும் கழலும்.

இரண்டு பக்கமும் பாதிப் பாதி சிமென்ட் இருந்தால்? சிமென்ட்டே நடுவில் பிளந்திருக்கிறது. இப்போது பல்லைச் செதுக்கிய வடிவத்தைப் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் செதுக்கிய மிச்சம் 4 மில்லிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும், மற்ற பற்களில் 3 மில்லிமீட்டர். அதைவிடக் குட்டையாக இருந்தாலோ, சுவர்கள் கூம்பு மாதிரி அதிகம் சாய்ந்திருந்தாலோ கிரவுன் நிற்பதற்குப் பிடியே இல்லை. விறைப்பான சிர்கோனியா இந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடும். வளைகிற பாலிமர் மறைக்காது: ஒவ்வொரு கடிக்கும் ஓரங்கள் இம்மி விரிந்து சுருங்குகின்றன, சிமென்ட் களைத்துப்போகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. ரெசினும் நுண்பீங்கானும் கலந்து 3எம் நிறுவனம் விற்ற லாவா அல்டிமேட் கட்டிகளுக்கு, கிரவுன் செய்யலாம் என்ற பரிந்துரையை 2015ல் அந்த நிறுவனமே விலக்கிக்கொண்டது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கழன்று வந்ததுதான் காரணம். பல்லுக்குள் பதியும் நிரப்புத்துண்டு, வெனீர் போன்றவற்றுக்கு அது தொடர்ந்து அனுமதிக்கப்பட்டிருந்தது. கட்டி அதேதான், வடிவம்தான் வேறு. அந்தக் கட்டியின் விறைப்பு 13 ஜிகாபாஸ்கல் பக்கம், பீக்கைவிட மூன்று மடங்கு. அதற்கே இந்தக் கதி என்றால், பீக்கில் பிணைப்பு வேலையில் கைவைத்துக் குறைப்பது எவ்வளவு ஆபத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே இருக்கும் வெனீர் பெயர்ந்துவிட்டது

பீக் ஃப்ரேமின், அதாவது உள்கூட்டின், நிறம் பல்லின் நிறம் அல்ல. அதனால் தெரியும் இடங்களில் அதன்மேல் காம்போசிட் (நிரப்பி கலந்த பல்நிற ரெசின்) வெனீர் ஏற்றுகிறார்கள். பெயர்வது பெரும்பாலும் இந்த அடுக்குதான்.

உடைந்த குழியை உலர்த்திப் பாருங்கள். அடியில் ஃப்ரேமின் பழுப்போ சாம்பலோ வெறுமையாகத் தெரிந்தால், ஒட்டு விட்டிருக்கிறது. குழிக்குள்ளும் பல்நிறக் காம்போசிட்டே தெரிந்தால், ஒட்டு உறுதியாக இருக்கிறது, காம்போசிட்தான் தன் உடம்புக்குள் உடைந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஒட்டு விட்ட வழக்கில், தாள்தாளாக உரிந்து வந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பரப்பு முழுக்க அழுக்காக இருந்ததற்கு அது அடையாளம். மணல் அடித்த பிறகு விரலால் தொட்டது, நீராவியால் கழுவிவிட்டுச் சரியாக உலர்த்தாதது, பிரைமர் தடவிப் பல மணி நேரம் தூசியில் வைத்தது என்று வழிகள் நிறைய. அதிகம் யாரும் சந்தேகப்படாத ஒன்று கம்ப்ரஸர். காற்றோடு எண்ணெய் ஆவி வந்துகொண்டிருந்தால், மணல் அடிக்கும் ஒவ்வொரு நொடியும் பரப்பில் எண்ணெய் பூசிக்கொண்டே போகிறோம். சோதிப்பது சுலபம்: சுத்தமான கண்ணாடிமேல் அந்தக் காற்றை ஒரு நிமிடம் அடியுங்கள். கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் எண்ணெய்ப் படலம் வானவில் மாதிரி மின்னும். மின்னினால் வடிகட்டியை மாற்றும்வரை எந்த வெனீரும் ஏற்றாதீர்கள்.

அடுத்த சந்தேகம் ஒப்பேக்கர், அதாவது ஃப்ரேமின் நிறத்தை மறைக்கும் முதல் பூச்சு. நிறம் தெரியக் கூடாதே என்று ஒரே தடவையில் கனமாகப் பூசினால், அதன் மறைப்புத் தன்மையே அதற்கு எமனாகிறது. ஒளி அடிவரை இறங்காது, மேல் இறுகி அடி பச்சையாக நிற்கும். சில மாதம் கழித்து அந்தப் பச்சை அடுக்கிலேயே வெனீர் பிளக்கும். மெல்லிய பூச்சு, ஒளி, மறுபடி மெல்லிய பூச்சு, மறுபடி ஒளி. இதற்குக் குறுக்குவழி கிடையாது.

காம்போசிட்டே உடைந்த வழக்கில் ஃப்ரேமின் வடிவத்தைப் பாருங்கள். மேலே ஏறும் காம்போசிட் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்க, ஃப்ரேம் பல்லின் வடிவத்தைச் சுருக்கிய மாதிரி இருக்க வேண்டும். தட்டையான ஃப்ரேம் செய்து, பல்மேட்டு முனைகளை வெறும் காம்போசிட்டாலேயே கட்டியிருந்தால் அந்த முனை உடைவது நிச்சயம். கடித்துப் பார்க்கும் வண்ணத்தாள் வைத்து, உடைந்த இடம் கடியின் முழுச்சுமை விழும் இடமா என்றும் பாருங்கள். இரவில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் இரவுக் காப்பு வேண்டும். அதைப் பேசாமல் வெனீரை மட்டும் பத்து முறை சரிசெய்தாலும் பதினோராம் முறையும் உடையும்.

சின்னப் பெயர்ச்சி என்றால் கழற்றாமலே வாய்க்குள் சரிசெய்யலாம்: எச்சில் படாமல் ரப்பர் டேம் என்கிற ரப்பர் விரிப்பைக் கட்டி, ஓரங்களைச் சாய்வாகத் தீட்டி, 50 மைக்ரான் மணல் அடித்து, ஊதிச் சுத்தம் செய்து, பிரைமர், ஒளி, மெல்லிய ஒப்பேக்கர், காம்போசிட், மெருகு. பாலிமரின் பெரிய நன்மை இது. பீங்கான் வெனீரை வாய்க்குள் இவ்வளவு இயல்பாக ஒட்டுப்போட முடியாது.

கொக்கி தளர்ந்துவிட்டது

கழற்றி மாட்டும் பகுதி செட்டில் உலோகக் கொக்கி தெரியக் கூடாது என்று பீக்கிலோ அசிட்டலிலோ கொக்கி போட்டிருப்பார்கள். அது தளர்ந்தால் முதலில் கேட்க வேண்டியது: முதல் நாளிலிருந்தே தளர்வா, பிறகு வந்ததா?

முதல் நாளிலிருந்தே என்றால் வடிவமைப்புக் கோளாறு. கோபால்ட்-குரோம் கொக்கி பல்லின் உள்வளைவில் 0.25 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். அதே மெலிவில், அதே ஆழத்தில் பாலிமர் கொக்கி செய்தால் பிடி போதாது, ஏனென்றால் அது சுலபமாக வளைந்து விட்டுக்கொடுத்துவிடும். பாலிமருக்கு ஆழம் 0.5 மில்லிமீட்டர் பக்கம் போக வேண்டும், கொக்கியும் தடிமனாக வேண்டும். உலோகத்துக்கு வரைந்த டிசைனை அப்படியே பீக்கில் கடைவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

போகப் போகத் தளர்ந்தது என்றால் வேறு கதை. பாலிமர்கள் தொடர்ந்து இழுபட்டால் மெல்ல மெல்லத் தளர்ந்து புது வடிவத்துக்குப் பழகிவிடும். கொக்கி பல்லில் முழுதாக உட்கார்ந்ததும் அதற்கு எந்த இழுப்பும் இருக்கக் கூடாது; கழற்றும்போதும் மாட்டும்போதும் மட்டும்தான் அது விரிய வேண்டும். செட் முழுதாக இறங்காமல் அரைகுறையாக உட்கார்ந்திருந்தால் கொக்கி நாள் முழுக்க விரிந்தே இருக்கும், தளரத்தான் செய்யும். செட்டை மாட்டச் சொல்லி, பல்லின் மேல் உட்காரும் தாங்கி உண்மையிலேயே பல்லைத் தொடுகிறதா என்று பாருங்கள். இடைவெளி தெரிந்தால் கொக்கியில் வேலை இல்லை, அடித்தட்டின் பொருத்தத்தில் வேலை.

கொக்கியின் வேர்ப்பகுதியில் வெண்மையான மெல்லிய கோடு தெரிந்தால் பொருள் அங்கே அளவுக்கு மேல் நீண்டிருக்கிறது, உடைவதற்கு நாள் பார்க்கிறது. இந்தக் கட்டத்தில் ப்ளையரை எடுத்து வளைத்து இறுக்குவது உலோகத்தில் பழகிய கை செய்யும் வேலை. பீக்கில் அது பலிக்காது. வளைத்தது கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பும், இல்லையென்றால் வெண்கோடு விரிசலாகும். புதுக் கொக்கிதான் வழி.

உடைந்தேவிட்டது

இணைப்பில், அதாவது இரண்டு பற்கள் சேரும் கழுத்தில் பிரிட்ஜ் உடைந்தால் அந்தக் கழுத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். மூன்று பல் பீக் பிரிட்ஜ்களை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்த ஒரு சோதனையில், சுமார் 1200 நியூட்டனில் வடிவம் மாறத் தொடங்கி, சராசரியாக 1383 நியூட்டனில் உடைந்தன. கடைவாயில் சாதாரணக் கடி சில நூறு நியூட்டன்தான். ஆக ஒரே கடியில் உடைய வாய்ப்புக் குறைவு. கழுத்து மெலிவு, கூர்மையான உள்மூலை, ஒருபக்கம் ஆதாரமே இல்லாமல் நீட்டிவிட்ட பல் இவை மூன்றும்தான் வழக்கமான காரணங்கள்.

உடைந்த முகமும் பேசும். ஒரு ஓரத்தில் தொடங்கி, வழவழப்பாக, வரிவரியாக விரிந்துபோய், கடைசியில் மட்டும் கரடுமுரடாக முடிந்திருந்தால் விரிசல் பல நாளாக வளர்ந்துவந்திருக்கிறது. முகம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் கீழே விழுந்ததோ, கல் கடித்ததோ, அது திடீர் அடி.

அச்சில் அழுத்தி வார்த்த பீக்காக இருந்தால் நிறத்தையும் பாருங்கள். நிறமி இல்லாத பீக் மெதுவாக ஆறினால் ஒளிபுகாத சாம்பல்பழுப்பாகவும், குளிர்ந்த அச்சில் சட்டென்று ஆறினால் கண்ணாடிபோல் அடர்பழுப்பாகவும் இருக்கும். ஓரத்திலும் மெலிந்த இடங்களிலும் அடர்பழுப்புத் திட்டு தெரிந்தால் அங்கே படிகம் சரியாக உருவாகவில்லை, விறைப்பும் குறைவு. அச்சின் வெப்பத்தையும் ஆறவிடும் வேகத்தையும் சரிசெய்ய வேண்டும். தொழிற்சாலையில் தயாரான வட்டிலிருந்து கடைந்தால் இந்தத் தொல்லை வராது.

3டி பிரிண்டரில் எடுத்த செட் அடுக்கு அடுக்காகப் பிளந்திருந்தால், கழுவிய ஆல்கஹால் முழுதாக ஆவியாகாமல் இருந்திருக்கலாம், அல்லது பிந்தைய ஒளி இறுக்கம் குறைவாக இருந்திருக்கலாம். விரல் நகத்தால் கீறினால் கோடு விழுகிறதா என்று பாருங்கள்.

மேல்தாடை அக்ரிலிக் செட் நடுக்கோட்டில் இரண்டாகப் பிளப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. 1937ல் வால்டர் ரைட் பல் செட்டுக்கு அக்ரிலிக்கைக் கொண்டுவந்து இவ்வளவு காலம் ஆகியும் இது ஓயவில்லை. பற்கள் போன ஈறுமேடு வருடா வருடம் கரைகிறது, அண்ணத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான முகடு கரைவதில்லை. செட் அந்த முகட்டின்மேல் சீசாப் பலகைபோல ஆடத் தொடங்குகிறது. ஒவ்வொரு கடிக்கும் நடுவில் வளைந்து வளைந்து, உதட்டை ஈறோடு இணைக்கும் மடிப்புக்காக வெட்டிய பள்ளத்திலிருந்து விரிசல் கிளம்புகிறது. ஆகவே வெறுமனே ஒட்டிக் கொடுத்தால் அதே இடத்தில் மறுபடி பிளக்கும். ஒட்டும்போதே உள்பக்கத்துக்குப் புது அடி போட வேண்டும், பள்ளத்தின் கூர்மையை உருட்ட வேண்டும், குறுக்கே கண்ணாடி இழை வைக்க வேண்டும். உடைந்த ஓரங்களில் மெத்தில் மெதாக்ரிலேட் திரவத்தை 3 நிமிடம் ஊறவிட்டு ஒட்டினால் பிணைப்பு நன்றாக இருக்கும். அவசரப்பட்டுத் துடைப்பதுபோல ஒரு தடவு தடவுவது போதாது.

மங்கல், கறை, வெள்ளைப் பூச்சு

மெருகு போன பரப்பில் கறை தங்கும். சொரசொரப்பு 0.2 மைக்ரானைத் தாண்டினால் கிருமிப்படலம் சேர்வது கூடிக்கொண்டே போகிறது என்பது பல்துறையில் ஏற்கப்பட்ட அளவுகோல். கரடான பற்பசை, கெட்டியான பிரஷ் இரண்டும் வெனீரின் காம்போசிட்டைக் கீறும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி தொடர்ந்து பயன்படுத்தினால் பழுப்புக் கறை வரும்; அது மேலோட்டமானது, மெருகில் போய்விடும். தேய்த்தும் போகாமல் வெனீரின் ஓரத்தில் மட்டும் கறுப்புக் கோடாகத் தெரிந்தால் அது கறை அல்ல, ஒட்டு விடத் தொடங்கிய இடுக்கு. அதை மெருகேற்றி மறைக்காதீர்கள்.

அக்ரிலிக் செட் வெளுத்துப்போனால் கேள்வி சுருக்கமானது: கொதிக்கும் தண்ணீர் ஊற்றினீர்களா, ப்ளீச்சில் ஊற வைத்தீர்களா, ஸ்பிரிட்டால் துடைத்தீர்களா? வெந்நீர் வடிவத்தையே மாற்றிவிடும், ஸ்பிரிட் நுண்விரிசல்களை உண்டாக்கும். இரண்டையும் திருப்பி எடுக்க முடியாது. நைலான் செட் நூல்நூலாகச் சொரசொரத்தால் சாதாரணக் கல்லால் தேய்த்து மெருகேற்ற முயலாதீர்கள், இன்னும் பிசிறும். அதற்கென்று உள்ள ரப்பர் சக்கரத்தில், சூடேறாமல், குறைந்த வேகத்தில் செய்ய வேண்டும்.

இளஞ்சிவப்பு அடித்தட்டுக்குள் குமிழிகள்

தடிமனான பகுதியில் மட்டும் குமிழி என்றால் அக்ரிலிக்கை அவசரமாகச் சூடேற்றியிருக்கிறார்கள். மெத்தில் மெதாக்ரிலேட் சுமார் 101 டிகிரியில் கொதிக்கும். இறுகும்போது உள்ளே பிறக்கும் வெப்பமும் சேர்ந்து திரவம் கொதித்துக் குமிழியாகிவிட்டது. எல்லா இடத்திலும் சீராகக் குமிழி இருந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது மாவு பதத்துக்கு வருமுன் அடைத்துவிட்டார்கள். இரண்டுமே சரிசெய்யக் கூடியவை அல்ல. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

புது செட் போட்டதும் எரிச்சல்

வாயில் செட் தொடும் இடமெல்லாம் எரிந்தால் இறுகாமல் மீந்த மோனோமர், அதாவது மூலத் திரவம், காரணமாக இருக்கலாம். ஐ.எஸ்.ஓ. 20795-1 தரப்படி வெப்பத்தில் இறுகும் அக்ரிலிக்கில் அது 2.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தானாக இறுகும் வகையில் 4.5 சதவீதம்வரை அனுமதி உண்டு. ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவிட்டால் ஓரளவு வெளியேறும். எரிச்சல் ஒரே இடத்தில் மட்டும் என்றால் அது அழுத்தப் புண், மருத்துவரிடம் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். பழைய செட்டின் கீழே அண்ணம் சிவந்து வழவழத்தால் பூஞ்சையைச் சந்தேகியுங்கள், இரவில் செட்டைக் கழற்றி வையுங்கள்.

இம்ப்ளான்ட் மேல் உள்ள பாலிமர் ஃப்ரேம் ஆடுகிறது

இங்கே இரண்டு சாத்தியங்கள். திருகாணி தளர்ந்திருக்கலாம், அல்லது ஃப்ரேமுக்குள் ஒட்டியிருக்கும் டைட்டானியம் உறை ஒட்டு விட்டிருக்கலாம். திருகாணியை முறுக்குக் கருவியில் சொன்ன அளவுக்கு இறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் இரண்டாவதுதான். அதை இறுக்கிக்கொண்டே போவது திருகாணியையே முறித்துவிடும். ஃப்ரேமைக் கழற்றி, டைட்டானியம் பக்கம் 50 மைக்ரான் மணலும் பாஸ்பேட் வகைப் பிரைமரும், பீக் பக்கம் மேலே சொன்ன மெதாக்ரிலேட் பிரைமரும் வைத்து மறுபடி ஒட்ட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பிரைமரைத் தடவுவதுதான் இந்த இணைப்பு திரும்பத் திரும்ப விடுவதற்கு வழக்கமான காரணம்.

ஒரே ஒரு திருகாணி மட்டும் அடிக்கடி தளர்ந்தால், கடைசி இம்ப்ளான்ட்டுக்கு அப்பால் ஃப்ரேம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். நீட்டிய பகுதி ஒவ்வொரு கடிக்கும் கீழே வளையும்போது பக்கத்துத் திருகாணியை மேலே இழுக்கிறது. அந்த நீட்சியைக் குறைப்பதும், அங்கே கடியை லேசாக்குவதும்தான் உதவும்.

திருப்பி லேபுக்கு அனுப்பும்போது துண்டுகளோடு ஒரு தாளும் வையுங்கள்: பொருளின் பெயரும் வட்டின் தொகுதி எண்ணும், எத்தனை மாதம் கழித்துக் கோளாறு வந்தது, சிமென்ட் எந்தப் பக்கம் இருந்தது, உடைந்த குழியின் அடியில் என்ன நிறம் தெரிந்தது, எந்தப் பிரைமர், எந்த விளக்கு. முடிந்தால் கழுவுவதற்கு முன்பே ஒரு நெருக்கப் படம் எடுத்துச் சேருங்கள். "மறுபடி செய்து தரவும்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் லேப் அதே டிசைனை அதே கோப்பிலிருந்து கடைந்து அனுப்பும்.